ஐந்தாம் பக்கம், இரண்டாம் வரி

புத்தக வெளியீடு என்றால் மேடையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வது என்று நினைப்பவர்கள் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த நான்கு பேருக்குப் பின்னால் நாற்காலி போடுகிறவர், மைக் சரிபார்க்கிறவர், பெட்டி பிரிக்கிறவர் என்று ஒரு கூட்டமே காலில் சுடுதண்ணீர் கொட்டிய மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாக ஓடியவள் டம்மிக்கா.

டம்மிக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பத்தொன்பது வருடமாக அந்தப் பதிப்பகத்துக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். முன்னுரை வந்து சேராவிட்டாலும் சரி, சமர்ப்பணம் வந்து சேராவிட்டாலும் சரி, அந்தப் பக்கத்தைக் காலியாக விடமாட்டாள். ஒருமுறை காலியாக விட்டு, அச்சகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் 'இது எதுக்கு வெட்டியா' என்று பக்கத்தையே தூக்கிவிட்டார். பொருளடக்கம் ஒரு எண் சொல்ல, புத்தகம் வேறு எண் சொல்ல, அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அதிலிருந்து எந்த இடம் காலியாக இருந்தாலும் எதையாவது அடித்து நிரப்பிவைப்பாள். 'இங்கே முன்னுரை வரும், எழுதுகிறவர் மனசு வைத்தால்.' 'இந்த வருடமாவது ஆபீஸில் மின்விசிறி சுற்றுமா?' இப்படி. உண்மையான விஷயம் வந்ததும் டம்மியை எடுத்துவிட்டு அதைப் போடுவாள். அவளுடைய டம்மிகளைப் படித்துச் சிரிப்பதற்காகவே மெய்ப்புத் தாள்களைக் கேட்டு வாங்குகிறவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு டம்மிகூட அச்சேறியதில்லை. அந்தப் பெருமை அன்று மாலை நான்கு மணியோடு முடிந்தது.

பைண்டரிடமிருந்து பெட்டிகள் நேரே அரங்கத்துக்கு வந்திருந்தன. பசை வாடை இன்னும் போகவில்லை. டம்மிக்கா முதல் பெட்டியைப் பிரித்தாள், மேலே இருந்த பிரதியை எடுத்து அட்டையைத் தடவினாள், முதுகை ஒருதரம் வளைத்துப் பார்த்தாள், பக்கங்களைத் தள்ளினாள். ஐந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

தம்பிக்கு.
கதவு சாத்தவில்லை.
தள்ளினால் திறக்கும்.

எழுத்தாளரம்மா எழுதிய வரி இல்லை அது. 'சமர்ப்பணம் வேண்டாம், அந்தப் பக்கம் வெறுமையா இருக்கட்டும்' என்று அவர் போனில் சொன்னதும் டம்மிக்கா அந்த மூன்று வரியையும் அழித்ததும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பிறகு கடைசி நாளில் அச்சகத்திலிருந்து ஆள் வந்து தலைமாட்டில் நிற்க, எழுத்தாளரம்மா இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். அவசரத்தில் டம்மிக்கா பழைய கோப்பைத் திறந்து, அதில் அந்தச் சொல்லை மாற்றி, அதையே அனுப்பித் தொலைத்திருக்கிறாள். கதைப் பக்கங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த அத்தனை பேரும் முதல் எட்டுப் பக்கத்தை இன்னொருவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். பதிப்பகங்களில் அந்த இன்னொருவர் என்பவர் பிறக்கவே இல்லை.

மற்ற டம்மி ஏதாவது அச்சாகியிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இது வேடிக்கைக்கு அடித்த வரி இல்லை. நாலு வருடத்துக்கு முன் டம்மிக்காவின் தம்பி, அவள் பார்த்துவைத்த பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தான் விரும்பியவளைக் கட்டிக்கொண்டான். 'இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத' என்று போனில் கத்தினாள் டம்மிக்கா. அவனும் மிதிக்கவில்லை. அவனுக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று யாரோ மூன்றாம் மனிதர் வந்து சொன்ன அன்றைக்கு அவள் முன்னால் திரையில் இருந்தது அந்தக் காலி ஐந்தாம் பக்கம். கை தானாக அடித்தது.

பதிப்பாளர் மேடையில் நாற்காலிகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

"தலைக்கு மேல வேலை கிடக்கு. என்ன?"

பக்கத்தைக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது.

"அருமையா இருக்குல்ல? காலையிலேயே பைண்டர் போட்டோ எடுத்து அனுப்பினான். நான் உடனே போன்ல எல்லாருக்கும் போட்டுவிட்டேன். எத்தனை பேர் பாராட்டியிருக்காங்க தெரியுமா? அந்தம்மாவுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்கும்னு நானே நினைக்கல."

"அந்தம்மா எழுதினது இல்ல சார். டம்மி."

பதிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. நகர்த்திய நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிழிச்சிடலாமா?"

"தையல் போட்ட புக் சார். அஞ்சும் பதினொண்ணும் ஒரே தாளோட ரெண்டு பாதி, அஞ்சைக் கிழிச்சா பதினொண்ணும் கையோட வந்துடும். கதை ஆரம்பிக்கிற இடம்."

"அப்ப வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டு."

"முந்நூறு காப்பி இருக்கு. ஒண்ணரை மணி நேரம்தான் இருக்கு."

"அப்ப இன்னும் ஏன் நின்னு பேசிட்டிருக்க?"

அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. எழுத்தாளரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சான புத்தகத்தை மேடைக்குப் போகும்வரை கையால் தொடமாட்டார். மேடையில் உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து பென்சிலும் கையுமாகப் பார்த்துக்கொண்டே வருவார். மற்றவர்கள் பேசி முடித்துத் தன் முறை வந்ததும், நன்றி வணக்கம் எல்லாம் அப்புறம், முதலில் அச்சுப்பிழைப் பட்டியல்தான். 'நாற்பதாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி' என்று மைக்கில் அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் தங்கள் பிரதிகளில் திருத்திக்கொள்ளும். அதற்காகவே பென்சில் சீவி எடுத்துக்கொண்டு வருகிற வாசகர்கள் அவருக்கு உண்டு. 'பென்சில் கூட்டம்' என்று பதிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். ஐந்தாம் பக்கம் அந்தம்மாவின் கண்ணில் படாமல் தப்ப வழியே இல்லை. பட்டால் மைக்கில் வராமல் இருக்கப்போவதும் இல்லை.

டம்மிக்கா ஓர் ஓரமாக மேசை போட்டு ஒட்ட உட்கார்ந்தாள். தாள் கோணலாகப் போனது. பசை விரலில் அப்பியது. பதினோரு பிரதி முடிந்திருக்கும். நிழல் தட்டியது.

"புக் ஒண்ணு கிடைக்குமாம்மா?"

இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, முன்வழுக்கை, அறுபதை நெருங்கும் வயது. அவள் சட்டென்று ஒட்டின பிரதி ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கி நேரே ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தார். கட்டைவிரலால் அதைத் தடவினார். பசை காயாததால் தாள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடியில் இருந்த வரிகளை அவர் மெதுவாகப் படித்தார், உதடு அசைந்தது.

"ஏன்மா இதை மறைக்கிறீங்க?"

டம்மிக்கா மீதித் தாள்களை மேசைக்கடியில் தள்ளினாள். அவரே தொடர்ந்தார்.

"போன்ல பார்த்தேன். ஆபீஸ்ல பழகினவன் ஒருத்தன் அனுப்பினான். நிஜமாவே புக்ல இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன். நான் அவங்க தம்பி."

இந்தத் தம்பியின் கதை டம்மிக்காவுக்குத் தெரியும். அந்த ஊரில் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்த எழுத்தாளரம்மாவின் நாவலில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் நழுவிப் போகிற ஒரு மகன் வருவான். அந்தப் பக்கங்களையும் டம்மிக்காதான் அமைத்தாள். நாவல் நன்றாக விற்றது, அந்த மகன் எழுத்தாளரம்மாவின் தம்பிதான் என்று ஊரே முடிவு கட்டியது. இந்த மனிதருக்கு அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் 'ஜன்னல்' என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் ஜன்னல்தான். அக்கா வீட்டுப் பக்கம் அதன்பிறகு அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

"தாள் தெரியாம ஒட்டிட்டோம் சார். வேற காப்பி தரேன்" என்று ஒட்டாத ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்றாம் வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். கூட்டம் வர இன்னும் நேரம் இருந்தது. மனிதர் சட்டைக் காலரை இழுத்துவிட்டார், கண்ணாடியைத் துடைத்தார், ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

இனி ஒட்டி என்ன ஆகப்போகிறது? முன்பு ஒரு புத்தகம் இந்த மனிதரை ஊர் சிரிக்க வைத்தது. இன்றைக்கு ஒரு புத்தகம் அவருக்காக நல்ல வார்த்தை சொல்கிறது என்று நம்பி, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் அக்கா மைக்கைப் பிடித்து, 'ஐந்தாம் பக்கத்தில் உள்ளது என் வரி இல்லை, அடித்துவிடுங்கள்' என்று சொன்னால், முந்நூறு பென்சில் அவர் கண்முன்னாலேயே அவரை அடிக்கும். வேலை போனால் போகட்டும், அந்தக் காட்சியை மட்டும் பார்க்க முடியாது என்று தோன்றியது டம்மிக்காவுக்கு. பசை டப்பாவை மூடினாள்.

எழுத்தாளரம்மா ஐந்தே காலுக்கு வந்தார். மேடைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். டம்மிக்கா உள்ளே போனாள், சிறப்பு விருந்தினர் இருந்தார், வெளியே வந்தாள். மறுபடி போனாள், மைக் சரிபார்க்கிறவர் புடவையில் மைக் மாட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வந்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், மூன்றாம் வரிசையை எட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பதிப்பாளர் தூரத்திலிருந்து 'ஒட்டியாச்சா?' என்று கையால் கேட்டார். அவள் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள். ஐந்து இருபதுக்கு அந்த அறையில் எழுத்தாளரம்மா தனியாக இருந்தார், பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தப்பு இல்லாம புக் வந்தாத்தான் செய்தி. எத்தனாம் பக்கம்?"

"அஞ்சு."

"அஞ்சு வெத்துப் பக்கமாச்சே. அதுல என்ன தப்பு பண்ண முடியும்?"

டம்மிக்கா புத்தகத்தைத் திறந்து நீட்டினாள். மேடைக்கு முன்னால் தொடமாட்டேன் என்கிற வழக்கம் எங்கே போனதோ, அவர் வாங்கிப் படித்தார். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவருக்கு ஆனது.

"யார் வரி இது?"

"என்னோடதும்மா. டம்மி. அழிச்சேன், பழைய கோப்பு போயிடுச்சு. உங்க தம்பி விஷயத்தை நினைச்சு எழுதல, சத்தியமா. எனக்கு ஒரு தம்பி இருக்கான்."

"பேசறானா?"

"இல்ல."

"என்னைக் கேக்காம என் வாயில வார்த்தையை வெச்சுட்ட."

"ஆமாம்மா. என்னைத் திட்டுங்க, மேடையில என் பேரைச் சொல்லியே திட்டுங்க. இந்த வரி உங்களோடது இல்லைன்னு மட்டும் அங்க சொல்லாதீங்க. அவர் போன்ல பார்த்துட்டு வந்திருக்கார். மூணாவது வரிசை, ஓரத்துல."

எழுத்தாளரம்மா எழுந்து, கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முடியெல்லாம் கொட்டிடுச்சே" என்றார்.

திரும்பி வந்து உட்காரவில்லை. அறைக்குள்ளேயே நடந்தார்.

"அந்த நாவல் வந்த மறுநாள் வீட்டுக்கு வந்தான். சண்டைகூடப் போடல. 'அக்கா, நான் உள்ள வந்தேனே, அம்மா காலைப் பிடிச்சுட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தேனே'ன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கதைக்கு அது ஒத்துவரலடான்னு சொன்னேன்."

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் தலையை நீட்டி, "அம்மா, ஆரம்பிச்சுடலாமா?" என்றார். எழுத்தாளரம்மா புத்தகத்தை மூடினார்.

"என்ன சொல்லப் போறீங்கம்மா?" என்று டம்மிக்கா கேட்டாள்.

"தப்பான வரியை இதுவரைக்கும் நான் விட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் மேடைக்குப் போனார்.

அடுத்த ஒரு மணி நேரம் டம்மிக்கா பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. தலைவர் பேசினார். சிறப்பு விருந்தினர் பேசினார், கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன் என்று நான்கு முறை சொன்னார். எழுத்தாளரம்மா பென்சிலை எடுத்தார், பக்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார், ஓரத்தில் குறித்தார். டம்மிக்கா மூன்றாம் வரிசைக்கு அருகில் சுவரோரமாக நின்றாள். வெளியே போய்விடலாம் என்று இரண்டுதரம் கதவு வரை போனாள். போக முடியவில்லை. தம்பிக்காரர் புத்தகத்தின் முனையை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார்.

எழுத்தாளரம்மா எழுந்து மைக்குக்கு வந்தார். கூட்டத்தில் பைகள் திறக்கும் சத்தம் கேட்டது. பென்சில்கள் வெளியே வந்தன. சிலர் சிரித்துக்கொண்டார்கள்.

"முதல்ல பிழைகள்" என்றார் அவர். "இந்தத் தடவை ஏழு. முதல் பிழை ஐந்தாம் பக்கம், இரண்டாம் வரி."

டம்மிக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"'கதவு சாத்தவில்லை' என்று அச்சாகியிருக்கிறது. அது தப்பு. 'சாத்தியது நான்' என்று இருக்க வேண்டும். இரண்டாம் வரியை மட்டும் அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு வரியும் சரி."

வழக்கப்படி பென்சில்கள் தாளில் ஓடின. இருநூறு முந்நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே வரியை அடித்து எழுதுகிற சத்தம் இருக்கிறதே, அது மெல்லியதுதான், ஆனால் கேட்கும். எழுத்தாளரம்மா நிமிரவில்லை. எல்லாரும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அடுத்தது நாற்பத்தி மூன்றாம் பக்கம்" என்றார்.

"பேனா இருக்காம்மா?"

தம்பிக்காரர்தான். திரும்பிக் கை நீட்டிக்கொண்டிருந்தார். டம்மிக்கா மெய்ப்புத் திருத்துகிற தன் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள். அவர் புத்தகத்தை முழங்கால்மேல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாக எழுதினார். 'சாத்தியது நான்.' எழுதி முடித்ததும் பேனாவை மூடத் தெரியாமல் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அவள் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று வரியை அடித்தபோது தான் ஏதோ பெரிய மனசு பண்ணுவதாக அன்றைக்கு அவளுக்கு ஒரு நினைப்பு. வாசப்படி மிதிக்காதே என்று கத்தியது யார்? அவன் தள்ளிப் பார்க்கவில்லை என்று நாலு வருடமாக அவன் மேல் குறை வேறு. எழுத்தாளரம்மா தன் தப்பைத் திருத்தினார், அதோடு சேர்த்து இவளுடையதும் திருத்தப்பட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது.

கூட்டம் முடிந்து கையெழுத்துக்கு வரிசை நின்றது. தம்பிக்காரர் எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசி ஆளாக வந்தார். எழுத்தாளரம்மா குனிந்த தலை நிமிராமல், அதுவரை நூறு பேரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"யார் பேருக்கு எழுதணும்?"

"தம்பிக்குன்னு அச்சுலயே இருக்கு. கையெழுத்து மட்டும் போடு" என்றார் அவர்.

எழுத்தாளரம்மாவின் பேனா அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட முயன்றார், கோடு எங்கேயோ போனது. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றார் தம்பி. அறுபது வயதை நெருங்குகிற மனிதர் அதைச் சொன்ன விதத்தில் பத்து வயதுதான் இருந்தது. டம்மிக்கா அழுதுவிட்டாள். பதிப்பாளர், 'விற்பனை பிச்சுக்கிட்டுப் போகுது, நீ ஏன் அழற?' என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

கிளம்பும்போது எழுத்தாளரம்மா அவளைக் கூப்பிட்டார். தம்பிக்காரர் ஒரு கையில் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்தார்.

"அந்த வரியை நான் எடுத்துக்கிட்டேன். அடுத்த பதிப்புல திருத்தினபடியே போடு."

"சரிம்மா."

"உன் தம்பிக்கு நீ வேற ஏதாவது சொல்லிக்க. புக்ல இல்ல, போன்ல."

அரங்கத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டம்மிக்கா காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். எண்ணை அவள் அழித்திருந்தாள், ஆனால் மறக்கவில்லை. போட்டாள். மணி அடித்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தாள். இவள் எண் மாறியதும் அவனுக்குத் தெரியாது.

"ஹலோ, யாரு?" பின்னால் வண்டிகள் போகும் இரைச்சல்.

பத்தொன்பது வருடமாகக் காலி இடம் எதையும் விட்டுவைக்காதவளுக்கு இங்கே வைத்து நிரப்ப ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"ஹலோ? யாருங்க?"

"அக்காடா."

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. துண்டித்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி காதில் வைத்தாள்.

"இரு அக்கா" என்றான் அவன். "வண்டியை ஓரமா நிறுத்திக்கிறேன்."

அவள் இருந்தாள்.